காதைப் பொத்தும் பிள்ளைக்கும் கோயிலில் இடம் வேண்டும்



என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். பூசையில் எழுந்தேற்ற மணி அடித்தால் இரு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று ஒரு கோயிலில் கேட்டார்கள். அதன்பின் பல ஞாயிறுகள் வாசல் வேப்பமரத்தடியில் நின்றே பூசை கண்டோம்.

வில்லியனூர் லூர்து மாதாவிடம் மதம் பாராமல் சனம் கூடுகிறது. அந்தப் பரந்த மனம் இந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டும். உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ப மறைக்கல்வி தருவது பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 777ஆம் பிரிவு. 2014 நவம்பரில் போப் பிரான்சிஸ், ஆட்டிசம் உள்ளவர்களையும் குடும்பத்தாரையும் வத்திக்கானில் சந்தித்து, அவர்களின் தனிமையைப் போக்கக் கைகொடுக்கச் சொன்னார்.

நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. மாதம் ஒரு பூசைக்காவது ஒலிபெருக்கியைக் குறையுங்கள். வாசலோரம் ஒரு பெஞ்சை ஒதுக்குங்கள். திருவிழாவில் வேட்டு போடும் நேரத்தை முன்பே அறிவியுங்கள். புதுநன்மைக்கு முன், வசீகரிக்காத வெறும் அப்பத்தை வீட்டில் சுவைத்துப் பழகக் கொடுங்கள்; நாவில் ஒட்டும் புதுப்பொருள் என் மகனை மிரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி முறைக்காமல் ஒரு புன்னகை தாருங்கள்.

– ஒரு தாய், பாகூர் கொம்யூன், புதுச்சேரி