விழுந்த இடம் எது?

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனி ப்ளேஸ்டேஷனுக்கு பிராசஸர் வேகம் சுமார் 33 மெகாஹெர்ட்ஸ், மெமரி 2 மெகாபைட். உங்கள் பி.சி.யின் கால்தூசுக்கு வராது. ஆனால் எமுலேட்டர் போட்டு, 'அந்தப் பெட்டி மாதிரி கொஞ்சம் நடிப்பா' என்று பி.சி.யிடம் சொல்லிப் பாருங்கள். வசனம் மறந்த ராஜபார்ட் போல நடு மேடையில் பொத்தென்று விழும்.

திட்டாதீர்கள். எங்கே விழுந்தது என்று பாருங்கள்.

ஆரம்பத்திலேயே அவுட்டா? பயாஸ் ஃபைலைச் சந்தேகியுங்கள். சரியாக 512 கிலோபைட் இருக்க வேண்டும். குறைந்தால் அரைகுறை காப்பி. (அது சோனியின் காப்புரிமைச் சரக்கு. சொந்தப் பெட்டியிலிருந்து எடுப்பதுதான் மரியாதை.)

டிஸ்க்கையே கண்டுகொள்ளவில்லையா? பெரிய பின் ஃபைலுடன் க்யூ என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும். அதற்குள் பின் ஃபைலின் பெயர் எழுதியிருக்கும். அழகாக இருக்கட்டுமே என்று நீங்கள் பின் ஃபைலுக்கு மறுபெயர் சூட்டியிருந்தால், க்யூ பழைய பெயரையே கூப்பிட்டுக் கொண்டிருக்கும். நோட்பேடில் திறந்து திருத்துங்கள்.

நடு ஆட்டத்தில் படம் சிதறி மூடிக்கொள்கிறதா? ரெண்டரரை 'சாஃப்ட்வேர்' என்று மாற்றுங்கள். விழாமல் ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான், புதுசு போடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாத ராத்திரியில் நாலு கணக்கை ஒரேயடியாகத் திருத்தியவன் உருப்பட்டதில்லை.

கடைசியாக, முக்கியமாக: சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பாதீர்கள். அது மொத்த மிஷினையும் அந்த நொடியில் பிடித்த போட்டோ. கோளாறான நொடியில் பிடித்தால் கோளாறும் கூடவே பதிவாகும்; திறக்கும்போதெல்லாம் அதே இடத்தில் விழும். எமுலேட்டரின் அடுத்த வெர்ஷன் அந்தப் போட்டோவை அடையாளம் தெரியாது என்று சொல்லவும் கூடும். ஆட்டத்துக்குள்ளேயே மெமரி கார்டில் சேவ் செய்வதுதான் ஃபிக்ஸட் டெபாசிட். ஒரு கார்டு வெறும் 128 கிலோபைட், 15 பிளாக். வெர்ஷன் மாறினாலும் பொதுவாகத் தாங்கும். எதையும் அப்டேட் செய்யுமுன் அந்த ஃபைலை பென் டிரைவில் ஒரு காப்பி போட்டுவிடுங்கள்.

எமுலேட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். ஆபீஸ் முடிந்து வந்து, தூக்கம் கெட்டு, நாற்பது மணி நேரம் சேர்த்த ஆட்டத்தை யார் போட்டுத் தருவார்?