விழாவும் பட்டமும் ஒன்றல்ல

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்போரைப் பட்டமளிப்பு விழாவில் பங்கேற்க விடலாமா? விடலாம் என்பதே என் கருத்து.

'பட்டம் பெறாதவருக்கு அங்கி எதற்கு?' என்ற கேள்வி எழும். ஆனால் விழாவையும் பட்டத்தையும் நம் பல்கலைக்கழகங்கள் முன்பே பிரித்துவிட்டன. நேரில் வாராமலே பட்டம் பெற அவை வழிவகுத்துள்ளன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1972க்குப் பின் 46 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் மீண்டும் பட்டமளிப்பு விழா நடத்தியது. இடையில் பயின்றோரின் பட்டங்கள் அதனால் செல்லாமற் போகவில்லை. விழாவின்றிப் பட்டம் செல்லுமெனில், பட்டத்துக்கு முன் விழா வருவதில் பிழையென்ன? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓரிரு பாடங்கள் எஞ்சிய மாணவரும் மேடையேறுகிறார். சான்றிதழ் பின்னரே வருகிறது.

முறைகேடு நேரும் என அஞ்சவேண்டியதில்லை. பணிக்குச் சான்றாவது சான்றிதழே. அங்கியணிந்த புகைப்படம் அன்று.

மதிப்பீடு முழுவதையும் ஆறு மாதங்களுக்குள் முடிக்க வழிசெய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பணிக்கின்றன. தேர்வாளரின் அறிக்கை தாமதமானால், ஆய்வாளர் தம் தவறின்றியே அவ்வாண்டு விழாவை இழக்கிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவரின் முதிய பெற்றோருக்கு அடுத்த ஆண்டு உறுதியானதன்று.

ஆய்வேடு ஒப்படைத்தோர்க்கு மட்டும் இவ்வாய்ப்பைத் தரலாம். பெயருக்கு முன் 'முனைவர்' வேண்டா. விழா மலரில் 'முடிவு நிலுவையில்' என அச்சிடலாம். கல்விக்குழுக்களில் இடம்பெற்றுள்ள பேராசிரியர்கள் இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.