பேரீச்சம்பழத்துக்குப் போகாத கார்



1967-ல் அமெரிக்காவில் செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பெயர் செவர்லே கார்வெட், எல்-88 ரகம். அந்த வருடம் அந்த ரகத்தில் வந்ததே மொத்தம் 20 கார்தான். அதில் ஒன்று 2014-ல் ஏலத்துக்கு வந்தபோது 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் பணம் இருபது கோடிக்கு மேல்!

இதை வீட்டில் சொன்னேன். எங்கள் அப்பா ஒரகடம் பக்கம் புதுக் கார்கள் நிற்கும் ஒரு யார்டில் செக்யூரிட்டி. "பழைய கார்னா பேரீச்சம்பழத்துக்குப் போடறதுதானேடா? அதுக்கு இருபது கோடியா? பணம் கொழுத்தவன் பண்ற வேலை" என்றார்.

அப்பா சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் கார்வெட் வந்த வருடம் 1953. மிச்சிகன் மாநிலம் ஃபிளிண்ட் நகரில் ஏறக்குறைய கையாலேயே செய்யப்பட்ட 300 கார்கள். அத்தனையும் வெள்ளை நிறம். பாடி தகரமல்ல, ஃபைபர் கிளாஸ்! ஆனால் ஆரம்பத்தில் வாங்க ஆளில்லை. 1963-ல் வந்த கார்வெட்டுக்குப் பின்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னால் வருவது சரியாகத் தெரியவில்லை என்ற குறை எழுந்ததால் அடுத்த வருடமே பட்டையை எடுத்துவிட்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்தப் பட்டை வைத்த காரைத்தான்! அன்று குறை, இன்று பெருமை. காலம் செய்யும் வேடிக்கை இதுதான்.

அபூர்வமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. எஞ்சினில் குத்திய நம்பர், அந்தக் காருக்கென்று ஆலையில் பொருத்திய எஞ்சின் அதுதான் என்று காட்ட வேண்டும். மாற்று எஞ்சின் என்றால் விலை இறங்கிவிடும். யோசித்துப் பாருங்கள்: அந்த நம்பரைக் குத்தியது முதலாளியா? லைனில் நின்ற ஒரு தொழிலாளி!

இன்னொரு செய்தி. கென்டக்கி மாநிலம் பவுலிங் கிரீன் ஊரில் கார்வெட்டுக்கென்றே ஒரு மியூசியம் உண்டு. 2014 பிப்ரவரி 12 விடியுமுன் அதன் தரை உள்வாங்கி எட்டுக் கார்கள் பள்ளத்தில் விழுந்தன. அதில் ஒன்று, 1992-ல் வந்த பத்து லட்சமாவது கார்வெட். பிரித்துச் சரிசெய்தபோது உள்ளே பாகம் பாகமாகக் கையெழுத்துகள்! அந்தக் காரைச் செய்த தொழிலாளர்கள் தாங்கள் பொருத்திய பாகங்களில் போட்டவை. புதுப் பாகம் மாட்டுவது சுலபம். ஆனாலும் கையெழுத்துள்ள பழைய பாகங்களைக் காப்பாற்றத்தான் பெரும்பாடு பட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தாத்தா வைத்தது கைநாட்டு. அப்பா கேட் ரிஜிஸ்தரில் எழுதுவது அடுத்தவர் பெயர். நம் அண்ணன்கள் ஷிப்ட் முழுக்க ஒரே போல்ட்டை முறுக்குகிறார்கள். கார் கப்பலேறிப் போய்விடுகிறது. யார் முறுக்கியது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

பழைய காரின் கவர்ச்சி பளபளப்பில் இல்லை, விலையிலும் இல்லை. அது உழைத்த கைகளுக்குச் சாட்சி. என் கருத்து இதுதான்.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம் வண்டலூருக்கு வாருங்கள். படப்பையிலிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? அந்த வட்டாரத்தில், பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கே தயாரானது. அதை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. அதே ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கி, அவரே வடிவம் கொடுத்து, 1962-ல் இங்கிலாந்தில் வந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்கர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள். அதன் கூடப்பிறந்ததை நாம் என்ன செய்தோம்? பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம்!

இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை. அதைச் செய்தது நம் ஊர் ஆலைதான். பிறகு 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவர் உடம்புக்குள் பழைய வேன்கார்டு பரம்பரை எஞ்சின்! மக்கள் ஏற்கவில்லை. 1988-ல் கார் உற்பத்தி நின்றது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ (1998) வருவதற்கு முன்பே நம் பக்கம் கார் செய்த கைகள் இருந்தன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"அதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு மச்சி" என்று சொல்லாதீர்கள். பணக்காரர் வாங்கலாம், ஓட வைப்பது யார்? ஹெரால்டுக்குப் புஷ் வேண்டும் என்றால் கடையில் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். தேய்ந்த பழைய புஷ்ஷை வெர்னியரில் அளந்து, டிராயிங் போட்டு, லேத்தில் கடைய வேண்டும். இது நாம் படிக்கும் படிப்பு இல்லையா? தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி, கார்புரேட்டர். கழற்றிக் கழற்றிப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் ஏது?

சட்டமும் இப்போது வழி விட்டிருக்கிறது. 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாத கார்களுக்கு "விஏ" எழுத்துள்ள தனி நம்பர் தர மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு போகலாம். ஹெரால்டு தயாரிப்பு 1971-லேயே முடிந்தது. எனவே எந்த ஹெரால்டுக்கும் வயசுப் பிரச்னை இல்லை. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியம் 2015-லிருந்து இருக்கிறது. இந்தியாவின் டெட்ராய்ட் என்று பெயர் வாங்கிய நம் பக்கம் என்ன இருக்கிறது?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். எங்காவது ஒரு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு ஹெரால்டைத் தேடுவோம். முன்னாள் மாணவர்களிடம் கை நீட்டுவோம். ஆட்டோமொபைல் மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களும் சேர்ந்து நம் ஒர்க்‌ஷாப்பில் அதை உயிர்ப்பிப்போம். நாம் கடைந்து மாட்டும் ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும், வெளியே தெரியாத இடத்தில், செய்தவர் பெயரும் வருடமும் இருக்கட்டும்.

ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒரு மாணவன் அதைக் கழற்றுவான். படிப்பான்.