உறுதிமொழிக்கு முன் உடலின் கணக்கு

"நாளை முதல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்கப் போகிறேன், டாக்டர்." புறநோயாளிகள் பிரிவில் இவ்வாக்கியத்தை வாரந்தோறும் கேட்கிறேன். சொல்பவர் மனமாரத்தான் சொல்கிறார். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் வரும்போதோ, "எனக்கு மன உறுதி போதவில்லை" என்று தலைகுனிகிறார். அவரது மன உறுதியில் நான் குறை காண்பதில்லை. தம்மிடம் எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்று பாராமல் அவர் இலக்கை வகுத்துக்கொண்டார் என்பதே என் கருத்து.

இக்கருத்துக்கு நான் ஒரு தவற்றின் வழியாகவே வந்து சேர்ந்தேன். மேற்படிப்புக் காலத்தில், இரவுப் பேருந்து ஓட்டும் நீரிழிவு நோயாளி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அதிகாலை நடைப்பயிற்சியை வலியுறுத்தினேன். ஒருநாள் பிறர் முன்னிலையில் கடிந்தும் பேசினேன். அதன்பின் அவர் வரவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு காலில் ஆறாத புண்ணோடு அழைத்து வரப்பட்டார்; இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. "இராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வருகிறவரை விடியற்காலையில் நடக்கச் சொன்னீர்கள். முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் அவர் வரவில்லை" என்றார் அவர் மனைவி. அவருடைய பணி நேரத்தை நான் ஒருமுறையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நெய்வேலியில் அக்கேள்வியைத் தவிர்க்கவே இயலாது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்கும் ஊர் இது. ஷிப்டு மாறும்போது வீட்டின் உறக்க நேரமும் உணவு நேரமும் மாறுகின்றன. ஆனால் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. அக்கடிகாரத்தின் இயக்கத்தை மரபணு அளவில் விளக்கிய மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோரின் உறக்கம் பெரும்பாலும் குறுகியதாகவும் அடிக்கடி கலைவதாகவும் இருக்கிறது. உறக்கம் குறையும்போது பசி கூடுகிறது. இன்சுலின் செயல்படும் திறன் குறைகிறது. அந்நிலையில் உறக்கத்தை மேலும் ஒரு மணி நேரம் வெட்டி நடப்பது, ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவது போன்றதாகும்.

மின் நிலையத்தின் ஓர் அலகின்மீது அதன் திறனுக்கு மேல் சுமை ஏற்றுவதில்லை. குறித்த காலத்தில் அதனை நிறுத்திப் பராமரிக்கிறார்கள். அதை ஒருவரும் சோம்பல் என்பதில்லை. உடலுக்கும் அதே நியாயத்தை வழங்க வேண்டும்.

இலக்கு வகுக்கும் முன் ஒரு வாரம் சிறு குறிப்பு எழுதுங்கள். எந்த ஷிப்டு, எத்தனை மணி நேர உறக்கம், எப்போது சுறுசுறுப்பு, எப்போது சோர்வு என்ற நான்கு செய்திகள் போதும். உறக்கம் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், அதைச் சீராக்குவதே உங்கள் முதல் இலக்கு. அறையை இருளாக்குவதும் கைப்பேசியை வெளியே வைப்பதும் அதற்குரிய பழக்கங்கள்.

அடுத்து, பழக்கத்தை மணியோடு பிணைக்காமல் ஒரு செயலோடு பிணையுங்கள். ஷிப்டு மாறினால் ஐந்து மணி என்பதன் பொருளே மாறிவிடும். சாப்பிட்டுக் கை கழுவுவது மாறுவதில்லை. கை கழுவியதும் பத்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின் உயரும் சர்க்கரையைக் குறைக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரே மூச்சில் நடக்க வேண்டுமென்ற நிபந்தனை அதில் இல்லை. மூன்று வேளை பத்துப் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு நிறைவுறும்.

மூன்றாவதாக, சோர்ந்த நாளுக்கென ஒரு குறைந்த அளவை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். வாசல்வரை இரண்டு நிமிட நடையாயினும் அது கணக்கில் சேரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாவதற்கான காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அதன் நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் கெடுக்கவில்லை. ஆகவே ஒருநாள் விட்டுப்போனதற்காக முழுவதையும் கைவிட வேண்டியதில்லை.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஷிப்டுக்குச் செல்பவருக்காக இருட்டில் எழுந்து சமைத்து, பின்னர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணின் ஆற்றலை யார் கணக்கிடுகிறார்கள்? அவருக்கும் இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருக்கக்கூடும். அவருக்கு "நீயும் நட" என்ற அறிவுரையைவிட, ஒரு வேளைச் சமையல் சுமையை மற்றவர் ஏற்பதே பயன் தரும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். நன்றாக உறங்கியும் வாரக்கணக்கில் சோர்வு நீங்கவில்லையென்றால் அதைப் பழக்கக் குறைபாடு என்று எண்ணாதீர்கள். இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, இதய நோய் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம், பரிசோதனை தேவை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் ஷிப்டுக்கு ஏற்ப அதன் நேரத்தைத் தாமாக மாற்றலாகாது. மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். மார்புவலி அல்லது காலில் புண் உள்ளவர்கள் கேட்ட பின்னரே நடக்கத் தொடங்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது உறுதிமொழி எதுவும் வேண்டாம். அந்த ஒரு வாரக் குறிப்பைக் கொண்டு வாருங்கள். இலக்கை இருவரும் சேர்ந்து எழுதுவோம். இடையில் அது தவறிப்போனாலும் தயங்காமல் வாருங்கள். தவறியதைத் திருத்தலாம், வராமல் போனால் திருத்த வழியில்லை.