எண்ணிப் பார்த்துப் பேசுவோம்



‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. ஆயினும், இப்பழமொழியில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை உண்டு. அதை அடுப்படியில் நிற்கும் சகோதரிகள் நன்கு அறிவார்கள். நோன்புக் கஞ்சி கொதிக்கும் அண்டாவில் உப்புப் பார்ப்பதற்கு முன், அடிவரை துழாவி விடுவார்கள். துழாவாமல் மேலாக ஒரு கரண்டி எடுத்துச் சுவைப்பவர் உப்பே இல்லை என்று எண்ணி, மேலும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுவார். பிறகு அந்தக் கஞ்சியை எவரும் வாயில் வைக்க இயலாது. நன்றாகத் துழாவிய பின் எடுத்தாலோ, ஒரு கரண்டியே போதும். அண்டா முழுவதையும் குடித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த எளிய உண்மையை ஒரு நாடு முழுவதற்கும் பொருத்திக் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த அவர், படித்தது இயற்பியல். பாடம் நடத்தியதும் இயற்பியலே. ஆனால் அவருடைய ஆய்வு தேர்வு மதிப்பெண், மனித உடலின் அளவு, ஆற்று வெள்ளம், சணல் வயல், பஞ்சத்தில் வாடிய குடும்பம் என்று பல துறைகளையும் தொட்டது. அந்த ஆய்வுகளின் பயன் இன்று நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. எவ்வாறு என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

இயற்பியலிலிருந்து புள்ளியியலுக்கு

1913ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற மகலனோபிஸ், கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பயின்றார். நம் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் அங்கே அவருக்கு நண்பரானார். படிப்பு முடிந்து தாயகம் திரும்பும் வேளையில், ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளியியல் இதழைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவருக்கு அறிமுகப்படுத்தினார். அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறிய அவர், வழி நெடுகிலும் அவற்றையே படித்தார். எண்களைக் கொண்டு இயற்கையை மட்டுமன்றி மனித வாழ்வையும் ஆராயலாம் என்பது அவருக்குப் புலனாயிற்று.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து தருமாறு தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் விடுத்த வேண்டுகோளை ஏற்றார். 1920ஆம் ஆண்டு நாகபுரியில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டில், விலங்கியல் அறிஞர் ஆனண்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடம் எடுக்கப்பட்ட உடல் அளவுகளை அவர் மகலனோபிஸிடம் ஒப்படைத்தார். அதிலிருந்து 1922ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை பிறந்தது. இரு மக்கள் கூட்டத்தார் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றனர், எந்த அளவுக்கு வேறுபடுகின்றனர் என்பதை அளக்க அவர் கண்டறிந்த முறை, ‘மகலனோபிஸ் தொலைவு’ என்னும் பெயரில் இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது.

வல்லுநர் சொன்னதும் எண்கள் சொன்னதும்

1926ஆம் ஆண்டு ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை மேடேறிவிட்டது, ஆதலால் கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கூறினர். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. மகலனோபிஸோ சுமார் 60 ஆண்டுகளின் பதிவேடுகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார். படுகை உயரவில்லை என்பதும், ஆற்றின் மேற்பகுதியில் பெய்த கனமழையே வெள்ளத்துக்குக் காரணம் என்பதும் தெரியவந்தன. கரையை உயர்த்துவதில் பயனில்லை, மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்று அவர் பரிந்துரைத்தார்.

1931ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய அறையிலேயே அதன் பணி நடைபெற்றது. வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்பதை அறிய, ஒவ்வொரு வயலாகச் சென்று எழுதுவதற்கு மாறாக, சீட்டுக் குலுக்கி எடுப்பதைப் போல் பாரபட்சமின்றிச் சில வயல்களைத் தேர்ந்து அளந்தார். செலவும் காலமும் வெகுவாகக் குறைந்தன; முடிவோ நம்பத்தக்கதாக இருந்தது. அண்டாவைத் துழாவி ஒரு கரண்டி எடுப்பது என்பது இதுவே.

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகு அவரது நிறுவனத்தார் கிராமம் கிராமமாகச் சென்று, எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றன, எத்தனை பேர் உழவு மாட்டை இழந்தனர், எத்தனை பேர் தொழிலிழந்து நின்றனர் என்று கேட்டு எழுதினார்கள். கண்ணீராக மட்டும் இருந்த துயரம், அரசு மறுக்க இயலாத கணக்காகவும் ஆயிற்று.

இரு சாட்சிகள்

சோதனைக்கூடத்தில் பயின்றவர் எதையும் ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு நம்பமாட்டார். அளக்கும் கருவியிலும் பிழை இருக்கலாம். அளக்கும் மனிதனிடமும் பிழை இருக்கலாம். இப்பழக்கத்தை மகலனோபிஸ் சமூக ஆய்வுக்கும் கொண்டுவந்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவார். ஒரு குழு எழுதியது மற்றதற்குத் தெரியாது. இரண்டின் முடிவுகளும் நெருங்கி நின்றால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை இருக்கிறதென்று பொருள். நிகாஹ்வுக்கு இரு சாட்சிகள் வைக்கும் நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இந்த அடித்தளத்தின் மீதுதான் 1950ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு மகலனோபிஸ் மறைந்த பின்னரும், கல்வி, வேலைவாய்ப்பு, குடும்பச் செலவு ஆகியவை குறித்து அது தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. அவர் பிறந்த ஜூன் 29, 2007 முதல் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நம்மைப் பற்றிய எண்கள்

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். ‘முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போவதில்லை, மத்ரஸாவுக்குத்தான் போகிறார்கள்’ என்ற பேச்சு நெடுங்காலமாக இந்நாட்டில் உலவி வந்தது. பிறர் மட்டுமா சொன்னார்கள்? நம்மவர் பலரும் தலையசைத்தனர். 2005ஆம் ஆண்டு நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் மாதிரி ஆய்வுகளையும் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. முழுநேரமாக மத்ரஸாவில் பயிலும் பிள்ளைகள் 100க்கு 3, 4 பேர் அளவினரே என்பது அதில் வெளியாயிற்று. மாலையில் குர்ஆன் ஓத வரும் மக்தபையும் முழுநேர மத்ரஸாவையும் ஒன்றாக எண்ணியதால் விளைந்த குழப்பமும் தெளிந்தது.

அதே எண்கள் நமக்கு இனிக்காத செய்தியையும் சொல்லின. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு விகிதம் 64.8 விழுக்காடாக இருக்க, முஸ்லிம்களின் விகிதம் 59.1 விழுக்காடாகவே இருந்தது. பழியை நீக்கிய எண்ணை ஏற்றுக்கொண்டு, குறையைக் காட்டிய எண்ணைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வாசலில் நிற்பவர்

கணக்கெடுப்பவர் நம் வாசலுக்கு வரும்போது என்ன நடக்கிறது? ‘வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை’ என்று கதவைச் சாத்துவோர் உண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவோரும் உண்டு. மாதிரி ஆய்வில் தேர்வான ஒரு வீடு, தனக்காக மட்டும் பேசவில்லை. தேர்வாகாத பல நூறு வீடுகளுக்காகவும் பேசுகிறது. அது பொய் சொன்னால் அத்தனை வீடுகளின் பெயராலும் பொய் பதிவாகிறது.

காலை முதல் மாலை வரை பீடி சுற்றும் மகளைப் பற்றிக் கேட்டால், ‘வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கிறாள்’ என்று தாய் பதில் சொல்கிறாள். பாய் முடையும் மருமகளுக்கும் அதே பதில்தான். அப்பெண்களின் உழைப்பு ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாத உழைப்பாளிக்குக் கூலி உயர்வையும் மருத்துவ உதவியையும் யார் திட்டமிடுவார்கள்?

அச்சம் கொள்வோரைக் குறை கூறுவதற்கில்லை. வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். எதற்கான கணக்கெடுப்பு என்று விசாரியுங்கள். தனிநபர் தந்த விவரத்தை அவரது அடையாளத்தோடு வெளியிடலாகாது என்று 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் கூறுகிறது. விசாரித்துத் தெளிந்த பின் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்.

நம் பேச்சையும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கோ ஒரு பெண் கல்லூரிக்குப் போய் ஏதோ நேர்ந்துவிட்டதாம். அதைக் கேட்டு ஒரு தெருவே தன் பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துகிறது. துழாவாத அண்டாவின் மேல் கரண்டியல்லவா இது? படித்துப் பட்டம் பெற்று, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்கள் அதே ஊரில் எத்தனை பேர் என்று எவரேனும் எண்ணியதுண்டா?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் சந்தா ஏடு இருக்கிறது; நிகாஹ் பதிவேடு இருக்கிறது. நம் மஹல்லாவில் 10ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் நிறுத்தியதற்குக் காரணம் என்ன என்று காட்டும் ஏடு எத்தனை ஜமாஅத்துகளில் இருக்கிறது? இரண்டு இளைஞர்களைத் தனித்தனியே அனுப்பிக் கேட்டு எழுதச் செய்யுங்கள். இரு ஏடுகளையும் நிர்வாகிகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்தக் கணக்கு கையில் வந்த பிறகு கூட்டம் போட்டுப் பேசுவோம்.