ஊர் நிலையங்களின் கதையை எழுதி வைப்போம்

லாச்சப்பல் வரும் எம்மவர் பலர் இறங்கியேறும் மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையம், 1916இல் 'தோர்சி' என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1940இல் பெத்தனுக்கு முழு அதிகாரம் வழங்குவதை எதிர்த்து வாக்களித்து, 1941இல் குண்டுவைத்துக் கொல்லப்பட்ட முன்னாள் உள்நாட்டமைச்சரின் பெயரை அது 1946 முதல் தாங்கி நிற்கின்றது. ஒரு பெயர்ப்பலகையிலும் இந்நாட்டவர் தமது வரலாற்றைக் காத்துள்ளனர்.

எமது ஊர்ப் புகையிரத நிலையங்களின் வரலாறு எங்கே? காங்கேசன்துறை - சாவகச்சேரிப் பாதை 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் தெற்குடன் இணைந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்திற்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது.

நிலையங்கள் புதிதாய் எழுந்துள்ளன. பழையவை நினைவில் மட்டுமே உள்ளன. பயணச்சீட்டு யன்னல் எப்பக்கம் இருந்தது, குடிநீர் எங்கே கிடைத்தது, கைகாட்டி எவ்விடத்தில் நின்றது, எந்த வண்டியில் புகையிலைச் சிப்பங்கள் ஏறின என்பனவற்றை அறிந்தோர் எம் வீட்டு முதியோரே. 1990இல் இருபது வயதாயிருந்தோரும் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்.

அரசுகள் பாதையைத் திருத்தலாம். எமது நினைவை நாமே எழுதவேண்டும். இளையோரே, இவ்வார விடுமுறையில் ஒரு கொப்பியுடன் அவர்கள் அருகே அமருங்கள்.