தற்கொலையில் உறவை இழந்தவர்களுக்கு என்ன உதவி இருக்கு? போலீஸ் விசாரணைக்கு பயப்படணுமா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். இதில் தமிழ்நாடு மட்டும் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் இது. இறந்தவர்களின் பெற்றோர், துணை, பிள்ளைகள், நண்பர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களுக்கு என்ன உதவி இருக்கு? பார்க்கலாம்.

இந்த துக்கம் ஏன் வேறு மாதிரி?

இழப்போடு சேர்ந்து, "கவனிக்காம விட்டுட்டேனே" என்ற குற்ற உணர்ச்சியும், ஊர் என்ன பேசுமோ என்ற பயமும் வரும். பல வீடுகளில் 'நெஞ்சு வலி' என்று சொல்லி மறைத்துவிடுகிறார்கள். அப்புறம் யாரிடமும் மனம் விட்டுப் பேச முடியாது. இப்படி உறவை இழந்தவர்களுக்கே தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து அதிகம் என்கின்றன ஆய்வுகள்.

போலீஸ் வந்தால் குடும்பம் மேல் சந்தேகமா?

தற்கொலை என்றால் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம் (பி.என்.எஸ்.எஸ். 194-வது பிரிவு). வழக்கமாக பிரேதப் பரிசோதனையும் நடக்கும். இது நடைமுறைதான். இதனால் மட்டுமே குடும்பம் மேல் குற்றச்சாட்டு என்று அர்த்தமில்லை.

முயற்சி செய்து உயிர் பிழைத்தவர் மேல் கேஸ் வருமா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்கு சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை. அதனால் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீங்க.

நாம என்ன செய்யலாம்?

* துக்கம் விசாரிக்கப் போனால் "எப்படி நடந்தது? முன்னாடியே தெரியலையா?" என்று கேட்காதீங்க. வருகிற ஒவ்வொருவருக்கும் அவங்க அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

* இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசலாம். பேசாமல் கூட உட்கார்ந்திருந்தாலும் போதும்.

* காரியம் முடிந்து சொந்தக்காரங்க கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். அப்போ போன் பண்ணுங்க. இறப்புச் சான்றிதழ் வாங்க கூடப் போங்க.

* "நானும் போயிடறேன்" என்று யாராவது சொன்னால் லேசாக எடுத்துக்காதீங்க. தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்க.

யாரிடம் பேசலாம்?

டெலி மனஸ்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மனநோய் இருந்தால்தான் கூப்பிடணும் என்றில்லை. துக்கம் தாங்க முடியவில்லை என்றாலும் பேசலாம்.

ஸ்நேகா, சென்னை: 044-24640050. 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம்.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும் நேரில் போகலாம்.